புண் பேசுமா? நூலில் நெய்த உணரிகளும் மரத்துப்போன கால்களும்

சில வருடங்களுக்கு முன்னர் பாரிஸ் நகரிலுள்ள வைத்தியசாலையொன்றிற்கு, தெரிந்த ஒருவருக்கு மொழிபெயர்ப்பதற்காகச் சென்றிருந்தேன். அவருக்கு அப்போது 58 வயது. இருபது வருடங்களுக்கு மேலாக றெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். சீனி வருத்தம் நீண்டகாலமாக உண்டு. இடது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே ஒரு புண். எப்போதிருந்து நோகிறது என்று தாதி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நோகேல்லையே தம்பி. நொந்திருந்தால் முதலே வந்திருப்பன்தானே" என்றார் அவர்.

சப்பாத்துக்குள் ஒரு சின்னப் போத்தல் ஓடு கிடந்திருக்கிறது. அதன் மேல் ஒரு முழு நாள் நின்று வேலை செய்திருக்கிறார். இரவு சப்பாத்தைக் கழற்றியபோது சொக்ஸ் ஈரமாக இருந்தது. குசினி நிலத்துத் தண்ணீர் என்று நினைத்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். புண் என்று ஒன்று இருப்பதை அவருடைய மகள்தான், மணத்தை வைத்து, பல நாட்களுக்குப் பின்னர் கண்டுபிடித்தாள். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த சொக்ஸ் இரத்தத்தில் நனைந்திருந்தது. அதற்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. காலைச் சுற்றியிருக்கும் துணியே காலின் நிலையை அறிந்து சொல்லக்கூடியதாக இருந்தால் என்ன? இது கற்பனையல்ல. உடலில் அணியும் துணிக்குள்ளும், புண்ணின் மேல் கட்டும் துணிக்குள்ளும் உணரிகளை, அதாவது சென்சர்களை, நெய்து வைக்கும் ஆராய்ச்சி கடந்த முப்பது வருடங்களாக நடந்து வருகிறது. அது எவ்வாறு வேலை செய்கிறது, எதுவரை வந்திருக்கிறது, எம்மைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புண் என்ன சொல்கிறது?

ஒரு காயம் மாறுவதை மருத்துவர்கள் நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள். முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்து அழற்சி: வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. இந்த வேளையில் அவ்விடம் சூடாகி, சிவந்து, வீங்கும். மூன்றாவதாகப் புதிய தசையும் தோலும் வளர்கின்றன. நான்காவதாக அந்தப் புதிய திசு மாதக்கணக்கில் உறுதிப்படுகிறது. சலரோகக்காரரின் பாதப் புண்ணும் படுக்கைப் புண்ணும் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே சிக்கி நின்றுவிடுகின்றன. அழற்சி அடங்குவதில்லை, வளர்ச்சி தொடங்குவதில்லை.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அறிவிக்கும் அடையாளங்கள் புண்ணிலேயே உள்ளன. முதலாவது வெப்பம். தோல் வெடிக்கும் முன்னரே, அழுத்தத்தால் உள்ளே அழற்சி தொடங்கிய இடம் சூடேறும். இரண்டாவது அமிலத்தன்மை. ஆரோக்கியமான தோல் சற்று அமிலமானது. அதன் பி.எச் அளவு ஏறத்தாழ 4 முதல் 6 வரை இருக்கும். நாட்பட்ட புண்ணில் அது 7க்கு மேலே ஏறி, காரத்தன்மையை நோக்கிச் செல்லும். மூன்றாவது புண்ணில் வடியும் நீரிலுள்ள இரசாயனங்கள். உதாரணமாக யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் கிருமிகள் புண்ணில் பெருகினால் அதன் அளவு குறையும்.

நான்காவது ஈரம். இங்கே எமது மொழியே எம்மைச் சற்று ஏமாற்றுகிறது. "புண் காய்ந்துவிட்டது" என்றால் மாறிவிட்டது என்று பொருள். காற்றுப்பட விட்டால் சுகம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் 1962இல் ஜோர்ஜ் வின்ரர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் பன்றிகளில் நடத்திய பரிசோதனை இதற்கு மாறானதைக் காட்டிற்று. மெல்லிய பொலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்த காயங்களில், காற்றில் காய்ந்து பொருக்குக் கட்டிய காயங்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் தோல் வளர்ந்தது. இன்றைய புண் பராமரிப்பின் அடிப்படையே இதுதான். அதேவேளை ஈரம் கூடினால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளிறிவிடும். ஈரம் அளவோடு இருக்க வேண்டும். அந்த அளவைக் கட்டை அவிழ்க்காமல் எவ்வாறு அறிவது?

துணி எவ்வாறு அறியும்?

புண்ணைத் திறந்து பார்ப்பதே புண்ணுக்குப் பாதகம். கட்டை அவிழ்க்கும் ஒவ்வொரு தடவையும் புண் குளிர்கிறது, புதுத்தோல் இழுபடுகிறது, கிருமிக்கு வழி திறக்கிறது. ஆகவே புண்ணோடு ஒட்டியே கிடக்கும் துணிக்குள் அளவிடும் ஆற்றலை வைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. வழக்கமான இலத்திரனியல் தகடு விறைப்பானது, மென்மையான புதுத்தோலை உரசும். துணியோ வளையும், காற்றை விடும், நீரை உறிஞ்சும்.

மின்சாரம் கடத்தும் நூல்தான் இதன் அடிப்படை. நைலோன் நூலுக்கு வெள்ளி முலாம் பூசலாம். பருத்தி நூலைக் கரிமக் கலவையில் தோய்த்தெடுக்கலாம். மின்கடத்தும் பொலிமரைத் துணியில் அச்சடிக்கலாம். இவ்வாறான இரண்டு நூல்களைச் சற்று இடைவெளிவிட்டுக் கட்டுத்துணிக்குள் வைத்தால், துணி காய்ந்திருக்கும்போது அவற்றிடையே மின்னோட்டம் அரிது. புண்நீர் ஊற ஊறத் தடை குறைந்து மின்னோட்டம் கூடும். அந்தத் தடையை அளந்தால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் பொருளைப் பயன்படுத்தினால் அதுவே வெப்பமானி.

அமிலத்தன்மையை அறிய இன்னும் எளிய வழியும் உண்டு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் அது சிவந்துவிடும். ஆலாத்தித் தட்டில் நாம் எல்லோரும் பார்த்த இரசாயனவியல் அது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தில் நிறம் மாறுகிறது. இதே தத்துவத்தில், பி.எச் அளவுக்கேற்ப நிறம் மாறும் சாயங்களை நூலில் ஏற்றிப் புண்கட்டு செய்கிறார்கள். கட்டின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் புண்ணில் மஞ்சள் பூச வேண்டாம். நான் சொல்வது நிறத்தைப் பற்றி மட்டுமே.)

அளந்ததை வெளியே கொண்டுவருவது அடுத்த பிரச்சினை. புண்ணின் மேல் பற்றரி கட்ட முடியாது. மெற்றோவில் நாம் காட்டிவிட்டுப் போகும் அட்டையை நினைத்துப் பாருங்கள். அதற்குள் பற்றரி இல்லை, வாசிக்கும் கருவி கிட்ட வரும்போது அந்தக் கருவியிடமிருந்தே சக்தியைப் பெற்றுப் பதில் சொல்கிறது. இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஈரம் அறியும் கட்டு இவ்விதமானதே. அமெரிக்காவின் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2016இல் நூலையே உணரியாக்கித் திசுவுக்குள் தைத்துக் காட்டினர். கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தினர் 2015இல் சாதாரணப் புண்கட்டின் மேல் யூரிக் அமிலத்தை அளக்கும் உணரியை அச்சடித்தனர்.

இரண்டு முன்னோடிகள்

இந்த ஆராய்ச்சியின் பழைய வரலாற்றில் இரண்டு பேர் எமக்குக் குறிப்பாக முக்கியமானவர்கள். இருவருக்கும் தமிழ்நாட்டுடன் தொடர்பு உண்டு.

ஒருவர் சுந்தரேசன் ஜெயராமன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1996இல் அமெரிக்கக் கடற்படையின் நிதியில் அவரது குழுவினர் ஒரு சட்டையை நெய்யத் தொடங்கினர். துணியின் இழைகளோடு இழையாக ஒளி செல்லும் பிளாஸ்ரிக் இழைகளும் நெய்யப்பட்டிருந்தன. குண்டு துளைத்தால் இழை அறும், ஒளி மறுமுனைக்குச் சேராது. எந்த இடத்தில் காயம் என்று தொலைவிலிருக்கும் மருத்துவருக்குத் தெரிந்துவிடும். இதயத் துடிப்பையும் மூச்சையும் அளக்கும் உணரிகளையும் அச்சட்டையில் பொருத்தலாம். காயத்தை அறியும் துணி இவ்வாறு போர்க்களத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பதை, போரிலிருந்து ஓடிவந்த நாம் மறக்கத் தேவையில்லை. முதலில் யாருக்காக நெய்யப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அது சிப்பாய்க்காக. ஷெல் விழுந்த வீட்டில் இருந்தவருக்காக அல்ல.

மற்றவர் டொக்டர் போல் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகால்களைச் சீர்செய்த சத்திரசிகிச்சை நிபுணர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அவர் வேறொன்றைக் கண்டார். நோய் நரம்பை அழிக்கிறது, நோவு இல்லாமற் போகிறது, நோவில்லாத கையும் காலும் நெருப்பிலும் ஆணியிலும் பட்டுச் சிதைகின்றன. அழிப்பது கிருமி மட்டுமல்ல, நோவின்மையும்தான். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். சலரோகக்காரரின் மரத்துப்போன பாதங்களுக்கும் அதே விளக்கம் பொருந்துவதை அங்கே எடுத்துக்காட்டினார்.

அங்கே அவர் செய்த ஒரு முயற்சிதான் எமது விடயத்தின் மையம். செயற்கையாக நோவை உண்டாக்க அவரது குழுவினர் முயன்றனர். கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகளை வைத்தார்கள். அளவுக்கு மீறி அழுத்தினால் ஒலி எழும். ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. பிறகு உணர்ச்சியுள்ள வேறோர் இடத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி வரக்கூடிய வேலையைச் செய்யப் போகிறோம் என்று தெரிந்தால், நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்கள். சில வருடங்களுக்குப் பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1993இல் வெளிவந்த தனது நூலில் பிராண்ட் இத்தோல்வியை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உண்மையான நோவை நிறுத்த முடியாது, அதனால்தான் அது காப்பாற்றுகிறது. நிறுத்தக்கூடிய நோவு வெறும் அறிவித்தல்.

அளவைகள் காட்டுவது

அப்படியானால் இவையெல்லாம் வீணா? இல்லை. அறிவித்தலைக் கேட்க ஒருவர் இருந்தால் பயன் பெரிது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் உருவான ஈர உணரியொன்றை 30 நோயாளிகளின் கட்டுகளுக்குள் வைத்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 588 தடவைகள் கட்டு மாற்றப்பட்டது. அவற்றில் 44.9 வீதமானவை, ஈரம் சரியான அளவில் இருந்தபோதே மாற்றப்பட்டவை. அதாவது ஏறத்தாழப் பாதித் தடவைகளில், நன்றாக இருந்த கட்டு அவிழ்க்கப்பட்டிருக்கிறது. தாதியின் நேரம், நோயாளியின் வேதனை, புண்ணின் குளிர் எல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்கும்.

இரண்டாவது சான்று வெப்பம் பற்றியது. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வொன்றில், ஏற்கனவே ஒருமுறை பாதப் புண் வந்து மாறிய 173 சலரோகக்காரரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் கையடக்க வெப்பமானியால் இரண்டு பாதங்களையும் தினமும் அளந்தனர். இரு பாதங்களின் ஒரே இடத்தில் 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், நடையைக் குறைத்துத் தாதிக்கு அறிவிக்க வேண்டும். 15 மாதங்களில் அந்தப் பிரிவினரில் 8.5 வீதமானோருக்கே மீண்டும் புண் வந்தது. மற்ற இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ 30 வீதமானோருக்கு வந்தது. மரத்த காலுக்கு இல்லாத நோவின் இடத்தை வெப்பமானி ஓரளவு நிரப்பியது.

ஒவ்வொரு நாளும் குனிந்து அளப்பது வயது போனவர்களுக்குக் கடினம். அதையே ஒரு சொக்ஸ் தானாகச் செய்தால்? சான் பிரான்சிஸ்கோவின் சைரன் நிறுவனம், பாதத்தின் ஆறு இடங்களில் வெப்பத்தை அளக்கும் உணரிகள் கொண்ட காலுறைகளை 2018 அளவில் அறிமுகப்படுத்தியது. புண்கட்டுகளில் கலிபோர்னியாவின் கல்ரெக் நிறுவன ஆய்வாளர்கள், புண்நீரை அவ்வப்போதே உறிஞ்சி அதன் இரசாயனங்களை அளக்கும் கட்டை நாட்பட்ட புண்ணுள்ள 20 பேரில் பரிசோதித்து 2025இல் அறிக்கை வெளியிட்டனர்.

தடைகளும் உண்டு. புண்நீரிலுள்ள புரதங்கள் உணரியின் மேல் படிந்து, சில நாட்களில் அதன் கணக்கைப் பிழையாக்கிவிடும. கிருமி நீக்கும் சூட்டையும் இரசாயனத்தையும் நூலின் பூச்சு தாங்க வேண்டும். கழுவக் கழுவ வெள்ளி முலாம் தேயும். எறிந்துவிடும் ஒரு பொருளுக்கு உரிய மலிவான விலை வர வேண்டும். எலியில் வென்ற பல கட்டுகள் இன்னும் மனிதரிடம் வந்து சேராததற்கு இவையே காரணங்கள்.

எமது தோல், எமது வேலை

இனி எம்மைப் பற்றிய கேள்விக்கு வருவோம். தெற்காசியரிடையே சலரோகம் ஐரோப்பியரை விட அதிகமாகவும் இளவயதிலும் வருகிறது என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட விடயம். கண்ணாடி ஓட்டின் மேல் நின்ற அந்த அண்ணை தனியொருவர் அல்லர்.

தாதிகள் அழற்சியைக் கண்டறியக் கற்கும் முதல் அடையாளம் சிவப்பு. எமது தோலில் அது சிவப்பாகத் தெரிவதில்லை. சற்றுக் கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும், அல்லது தெரியாமலே போகும். இந்த வகையில் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் நூல் எமக்கு நீதியானது, அதற்குத் தோலின் நிறம் பொருட்டல்ல. ஆனால் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் உணரிகளை அவ்வாறு நம்ப முடியாது. விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி, வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரில் ஆபத்தான குறைவைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அக்கருவி பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தது. எந்தத் தோலில் சோதித்தீர்கள் என்று கேட்பது எமது உரிமை, கடமையும்கூட.

அடுத்தது, தகவல் யாரிடம் போகிறது என்பது. உடலிலிருந்து இடைவிடாமல் வெளியேறும் கணக்கு நிறுவனத்தின் கணனிக்கும், அங்கிருந்து காப்புறுதிக்கும் போகலாம். வேலைத்தலத்துக்கும் போய்விடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. 2018இலிருந்து நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலுக்கு விசேட பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் விளங்காத மொழியில் நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்து வைத்துப் பழகியவர்கள் நாம். சட்டம் தருவதைக் கையெழுத்து எடுத்துவிடும்.

கடைசியாக வேலை. "கால் சூடேறுகிறது, இரண்டு நாள் நடக்காதே" என்று சொக்ஸ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அண்ணை என்ன செய்திருப்பார்? பின்னொரு நாள் அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "தம்பி, சொக்ஸ் சொன்னதெண்டு முதலாளிக்குச் சொல்லேலுமோ?" என்றார். பதிவோடு வேலை செய்பவருக்கு டொக்டரின் கடிதம் உண்டு. கறுப்பில் வேலை செய்பவருக்கு அதுவும் இல்லை. ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு, வீட்டு வாடகை, விசாவைப் புதுப்பிக்கக் காட்ட வேண்டிய சம்பளத் துண்டு எல்லாம் அந்தக் காலின் மேல்தான் நிற்கின்றன. கார்வில் நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைச் செய்தது அறியாமையால் என்று நான் இப்போது நினைப்பதில்லை. வேலை செய்ய வேண்டியிருந்தது. அதனால் நிறுத்தினார்கள்.

ஆய்வில் 8.5 வீதம் என்ற எண்ணைப் பெற்றுத் தந்தது வெப்பமானி மட்டுமல்ல. அளந்த பின் ஓய்வெடுத்த கால்களும், தொலைபேசியில் பதில் சொன்ன தாதியும் அதற்குள் அடக்கம். துணி தன் பங்கைச் செய்யும் நாள் வரும். ஓய்வும் பதிலும் கிடைக்குமா என்பது துணி சம்பந்தப்பட்ட கேள்வியல்ல.

அதுவரை

உணரி நெய்த சொக்ஸ் எமது கடைகளுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு. சலரோகம் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். ஒரே இடத்தை இரண்டு காலிலும் புறங்கையால் தொட்டு, ஒன்று மற்றதை விடச் சூடா என்று பார்க்கலாம். சப்பாத்தைப் போடுமுன் உதறிக் கையை விட்டுத் தடவலாம். வெள்ளை சொக்ஸ் போட்டால் இரத்தமும் நீரும் உடனே தெரியும், அதுவும் ஓர் உணரிதான். குளிர்காலத்தில் மரத்த காலைச் ஹீற்றரில் வைப்பதும், சுடுதண்ணீரின் சூட்டைக் காலால் பார்ப்பதும் ஆபத்து. தண்ணீரை முழங்கையால் பாருங்கள். ஓகஸ்ட் வெயிலில் பாரிஸின் தேர்த் திருவிழாவில் தார் றோட்டில் வெறுங்காலுடன் நடக்கிறவர்கள், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் டொக்டரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பிள்ளையார் கோபிக்கமாட்டார். சிறு புண் என்றாலும், நோகாத புண்ணுக்குத்தான் முதலில் வைத்தியரிடம் போக வேண்டும்.

எமது சங்கங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வருடத்தில் ஒருநாள் கலைவிழா மண்டபத்தின் ஒரு மூலையில் பாதப் பரிசோதனைக்கு ஒரு தாதியையும் மொழிபெயர்க்க ஒருவரையும் இருத்துவது பெரிய செலவல்ல. இதை ஏன் இன்னும் செய்யவில்லை, செய்தால் எம்மவர் சப்பாத்தைக் கழற்றிக் காட்ட வெட்கப்படுவார்களா என்பவை பற்றி வாசகர்கள் எழுத வேண்டும். அந்த அண்ணை இப்போது கோப்பை கழுவுவதில்லை. மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை சொக்ஸுடன் வீட்டில் இருக்கிறார். இரவில் அவள் வேலையால் வந்து அதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் சாப்பிடுகிறாள்.